அது கராத்தே இல்லை, பஸ்

ககாசு செய்ஜுனை எங்கள் மீன்பிடி ஊரான இதோமானில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பாதி ஊருக்கு அவன் பிடரியை மட்டும்தான் தெரியும். துறைமுகத்திலிருந்து நாஹா நகரத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். கல்யாணத்துக்கு முன்னால் பிடித்த ஸ்டியரிங்கைப் பேத்தி பிறந்த பிறகும் விடவில்லை. வெயிலில் வெந்து சிவந்த அந்தப் பிடரியையும் அதற்கு மேலே இருக்கும் தொப்பியையும் பார்த்துக்கொண்டே இந்த ஊரில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போயிற்று, வேலைக்குப் போயிற்று, பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

எனக்கு அவன் முகமும் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே நான் நடத்தும் நூடுல்ஸ் கடையில் ஜன்னலோர முக்காலி அவனுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பின்னால் நின்று பெருமூச்சு விடுவான்.

அவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் எதையாவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நான் வெங்காயம் நறுக்கினால், "முழங்கைய உள்ள இழு மித்சு, தோள் வலிக்காது" என்பான். மீன் பெட்டி தூக்குகிறவனிடம் இடுப்பைப் பற்றிப் பேசுவான். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும்போது மைக்கைப் பிடித்து, "கடைசியில நிக்கிற தம்பி, முட்டிய லேசா மடக்கி நில்லுப்பா, பிரேக் போட்டா விழமாட்ட" என்று அறிவிப்பான். தம்பி மட்டுமல்ல, பஸ்ஸே முட்டியை மடக்கும். இதைப் பற்றி யாராவது கம்பெனிக்குப் புகார் எழுதியிருந்தால், முட்டியை மடக்கிக்கொண்டுதான் எழுதியிருப்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு, அவன் எங்கே சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டானோ அங்கே மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. வலைக்கடைக்கு மாடியில் இருக்கும் கிபோ கராத்தேக் கூடத்தைத்தான் சொல்கிறேன். இளம்வயதில் அங்கே சேர்ந்து அவன் வாங்கிய கறுப்பு பெல்ட், கறுப்பெல்லாம் வெளுத்துப் பழையபடி வெள்ளையாகும் நிலைக்கு வந்துவிட்டது. கூடத்தை ஆரம்பித்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகள் ஹருமிதான் எல்லாம். பகலில் பல் டாக்டர் கிளினிக்கில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்வாள், மாலையில் ஊராரை உதைப்பாள். அவள் மூக்கொழுகும் வயதில் செய்ஜுன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது கூடத்துக்குள் காலை வைத்ததும் தரையில் நெற்றி படக் குனிந்து அவளுக்கு வணக்கம் சொல்கிறான். வெளியே அவளுக்கு அவன் "மாமா". உள்ளே மற்ற மாணவர்களைப்போல வெறும் "ககாசு சான்".

"ஒனக்கு வெக்கமா இல்லையாடா?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"தரையில நெத்தி படுறப்போ யாரு பெரியவங்கன்னு எப்படிடி தெரியும்?" என்றான். அந்த விஷயத்தில் அவன் நல்லவன்.

அந்தக் கூடத்தில் கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டால் வாத்தியார் ஆகிவிட முடியாது. பெரியவர் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர், இதுவரை கராத்தேப் பக்கமே வராத ஆட்களை அவரே தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முன்னோர்களை வழியனுப்பும் ஓபோன் முடிந்ததிலிருந்து அக்டோபர் கடைசியில் வரும் கராத்தே நாள் வரை அவர்களுக்கு முதல் கட்டாவைப் பழக்க வேண்டும். கட்டா என்றால் திரும்புவது, தடுப்பது, குத்துவது என்று வரிசையாகக் கோத்த ஒரு பாடம். இத்தனை நாளும் சென்செய், அதாவது கூடத்தின் தலைமை வாத்தியார், குறுக்கே வர மாட்டார். கராத்தே நாளில் அந்தப் புதியவர்கள் எல்லாருக்கும் முன்னால் கட்டாவைச் செய்வார்கள். சென்செய் அவர்களை மட்டும் பார்ப்பார். பரீட்சை எழுதுகிறவர் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, கையால் ஜாடை காட்டக் கூடாது. திறந்தால் அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். எனக்கு இது நன்றாகவே புரிகிறது. சாப்பிடுகிறவர் முன்னால் கிண்ணத்தை வைத்த பிறகு நான் கரண்டியோடு பக்கத்தில் போய் நிற்க முடியுமா?

சில வருடங்களுக்கு முன்னால் செய்ஜுன் ஒரு தடவை இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தான். அவன் கொண்டுவந்த ஆட்கள் முதல் திருப்பம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் பாயிலிருந்து "முட்டி! முட்டி!" என்று பாம்பு சீறுவதுபோல் சத்தம் வந்தது. இரண்டாவது திருப்பத்தில் "முழங்கை!" மூன்றாவதில் எழுந்து நின்று அவனே செய்துகாட்ட ஆரம்பித்துவிட்டான். ஹருமி இரண்டே வார்த்தைதான் சொன்னாள்: "இன்னும் இல்ல." அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து, நூடுல்ஸ் ஊறிப் புழுவாகும்வரை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க முட்டி தப்பாத்தான் இருந்துச்சு மித்சு," என்றான்.

"ஒன் வாய் தப்பா இருந்துச்சுடா," என்றேன். அவனுக்கு அது ஏறவில்லை. அவன் கொண்டுவந்தவர்களும் அதோடு அந்த மாடிப் படியை மிதிக்கவில்லை.

போன வருடம் ஓபோனுக்கு முன்னால் ஒருநாள் மதியம், சாப்பிட்டு முடித்தும் முக்காலியை விட்டு எழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியாது," என்றேன்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்காத. எனக்கு வயசு அறுபத்தொண்ணு. தோள் பாதிதான் தூக்க முடியுது. கராத்தே செஞ்சு சாகணும்னு எந்த டாக்டரும் சொல்லல."

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"மார்ச்சோட எனக்கு ரிட்டயர்மென்ட் மித்சு. இத்தனை வருசமா இந்த ஊர்ல எல்லாரையும் கண்ணாடியிலதான் பாத்திருக்கேன். அவங்க ஏறுறப்போ என் கண்ணு படியிலயும் அவங்க கால்லயும் இருக்கும். கெளம்புன பிறகு தலைக்கு மேல இருக்கிற கண்ணாடியிலதான் மூஞ்சி தெரியும். ஒரு தடவையாவது மனுசங்களுக்கு முன்னால நேரா நின்னு எதையாவது செய்யணும்டி. எனக்குத் தெரிஞ்சது கராத்தே ஒண்ணுதான். அந்த வியாழக்கிழமை வகுப்பு கெடைச்சா போதும்."

வியாழக்கிழமை என்பது புதியவர்களுக்கான வகுப்பு. அதை எடுக்க ஆள் இல்லாமல் ஹருமியே கிளினிக்கிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைத் துடைத்தேன், அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தேன். கடைசியில், "வெள்ளை உடுப்புல சோயா கறை பட்டா நீதான் துவைக்கணும்," என்றேன். அவன் முக்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது கவிழ்ந்தது.

மற்ற இரண்டு பேரை அவன் பிடித்த கதையும் லேசுப்பட்டதல்ல. முடிதிருத்தும் தோகாஷிகி ஊரிலேயே பெரிய வாயாடி. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பேசவிடாமல் அடித்த ஒரே ஆள் செய்ஜுன்தான். முடி வெட்டி முடிப்பதற்குள் தோகாஷிகி, "வர்றேன், வர்றேன், தலைய ஆட்டாம இருங்க, காது போயிடும்," என்று கும்பிட்டுவிட்டார். அடுத்தது தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அயானோ. உதட்டோரம் மச்சமும், பேசுவதற்கு முன்பே வந்துவிடும் சிரிப்புமாக இருக்கும் பெண். ஒருநாள் காலையில் செய்ஜுன் பஸ்ஸை நிறுத்திவைத்து, மைக்கில், "வியாழக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கிறவங்க யாராவது கை தூக்குங்க," என்று கேட்டிருக்கிறான். யாரும் அசையவில்லை. அவனும் பஸ்ஸை எடுக்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறதே என்ற தவிப்பில் அந்தப் பெண் கையைத் தூக்கிவிட்டாள்.

இப்படியாக மூன்று பேர் சேர்ந்தோம். கூடத்தின் ஒரு மூலையை ஹருமி எங்களுக்கு ஒதுக்கினாள். எதிர்ச் சுவரில் உயரத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பெரியவர் புருவத்தை நெரித்துக்கொண்டு தொங்கினார்.

செய்ஜுன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். மனுசங்களுக்கு முன்னால் நேராக நிற்க வேண்டும் என்று என் கடையில் கண்கலங்கப் பேசியவன், கூடத்துக்கு வந்ததும் பழைய பிடரியைத்தான் காட்டினான். "என்னைப் பாத்து அப்படியே செய்ங்க," என்றான். அப்படியே செய்தோம். அவன் இடதுகாலை வைத்தால் நாங்களும் இடதுகாலை வைத்தோம். அவன் வலதுகையைத் தூக்கினால் நாங்களும் தூக்கினோம், எனக்குப் பாதி தூரம்தான் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தடவை அவன் யார்மீதும் சீறவில்லை. முதல் பரீட்சையில் பட்டது உள்ளே எங்கோ இறங்கியிருந்தது. "பரவால்ல, பரவால்ல, இன்னொரு தடவ," என்பான். என் தோளுக்காகத் தனியாக ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தான். அக்டோபர் பிறப்பதற்குள் மேல் அலமாரியிலிருந்து பெரிய சட்டியை நானே இறக்கினேன். இறக்கி வைத்துவிட்டு, கடையில் யாரும் இல்லாத தைரியத்தில் கொஞ்சம் அழுதேன். இரண்டு வருடமாக அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கட்டாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன அசைவு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் செய்ஜுன் மோவாயை லேசாகத் தூக்கி மேலே பார்ப்பான். ஒரு கணம்தான். அப்புறம் மெதுவாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்புவான். எதிரே பெரியவர் படம் இருந்ததா, நான் அதைக் குரு வணக்கம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் மோவாயைத் தூக்கி, பெரியவரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். சில நாள் கண்ணில் நீர்கூட முட்டும். அயானோவும் தூக்கினாள், தோகாஷிகியும் தூக்கினார். மூன்று பேரும் கச்சிதமாக ஒரே நேரத்தில் தூக்கப் பழகிவிட்டோம். நாங்கள் அதைச் செய்யும்போதெல்லாம் கூடத்தின் மறு மூலையிலிருந்து ஹருமி இருமுவாள். பாவம், தொண்டை சரியில்லை என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் பலமாக இருமினாள்.

கராத்தே நாள் வந்தது. கடலோரப் பூங்காவின் புல்வெளியில் கூடத்து ஆட்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூடாரத்துக்கு அடியில் கடற்பாசி வடை பொரிந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் சொன்ன நேரத்துக்கு யாரும் வரவில்லை, அதனால் யாரும் தாமதமாகவும் இல்லை. வெள்ளை உடுப்பில் நான் நிற்பதைப் பார்த்து என் வாடிக்கையாளர்களில் இரண்டு மீனவர்கள் விசிலடித்தார்கள். நாளைக்கு அவர்கள் கிண்ணத்தில் எலும்பு மட்டும்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

செய்ஜுன் ஓரத்தில் பாயில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் மனைவி சியேகோ நெருப்பு மாதிரிப் பெண். அவள் வந்து அவன் வாய்க்குள் கருஞ்சர்க்கரைக் கட்டி ஒன்றை அடைத்தாள்.

"இது கரையிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, மார்ச்சுக்கு அப்புறம் பகல் பூரா வீட்டுல என்கூடத்தான் உக்காந்திருக்கணும். யோசிச்சுக்கோங்க," என்றாள். கன்னம் புடைக்க அவன் தலையாட்டினான்.

ஹருமி பெயர் சொல்லி அழைத்தாள். நாங்கள் மூன்று பேரும் நடுவில் போய் நின்று குனிந்து வணங்கினோம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்காக இல்லை. பாயில் சர்க்கரைக் கட்டியோடு உட்கார்ந்திருக்கிற அந்தக் கிறுக்கனுக்காகத்தான். நான் சொதப்பினால் அவன் பிடரியாகவே காலத்தை முடித்துவிடுவான் என்று நினைத்தேன்.

முதல் திருப்பம். மூன்று மோவாயும் ஒன்றாக மேலே போயின. மெதுவாகத் திரும்பி, தடுத்து, குத்தினோம். கூட்டத்தில் யாரோ வானத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது திருப்பம். மூன்று மோவாய்கள் மேலே. இப்போது பத்துப் பதினைந்து பேர் வானத்தைப் பார்த்தார்கள். அங்கே நாஹாவில் இறங்கப் போகிற விமானம்கூட இல்லை. "என்ன அங்க? பருந்தா?" என்று ஒரு குழந்தை கேட்டது. வடை பொரிக்கிற அம்மாள்கூட எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டினாள். எங்கேயோ ஒருவர் சிரிக்க, அது பரவ ஆரம்பித்தது. பெரியவர் படம் இங்கே இல்லாததால்தான் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது, என்ன மரியாதை கெட்ட ஜனம் என்று எனக்குக் கோபம் வந்தது. மூன்றாவது திருப்பத்துக்கு மோவாயை இன்னும் பக்தியோடு உயர்த்தினேன்.

"நிறுத்துங்க!"

செய்ஜுன் புல்வெளியில் வெறுங்காலோடு ஓடிவந்துகொண்டிருந்தான். சர்க்கரைக் கட்டி பாயில் கிடந்தது. சியேகோ இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "மறுபடியுமா!" என்று யாரோ முனகினார்கள்.

"நிறுத்துங்க! அது கராத்தே இல்ல! அது பஸ்!"

அவன் எங்கள் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"அது பஸ்ஸு," என்றான் மறுபடியும், குரல் தாழ்ந்து. "திருப்பத்துக்கு முன்னால கண்ணாடியப் பாப்பேன். பெரியவங்க உக்காந்துட்டாங்களா, நிக்கிறவங்க கம்பியப் புடிச்சுட்டாங்களான்னு. அப்புறம் மெதுவாத் திருப்புவேன். அது என் கழுத்துலயே தங்கிப்போச்சு. இப்ப உங்க மூணு பேரு கழுத்துலயும்... ஐயோ."

"அப்போ அது பெரியவருக்கு வணக்கம் இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

"மேலேர்ந்து அடி வந்தா தடுக்கிறதுக்குன்னு நான் நெனச்சேன்," என்றாள் அயானோ.

"நான் மணி பாக்குறோம்னு நெனச்சேன். கூடத்துச் சுவத்துல கடிகாரம் இருக்குல்ல," என்றார் தோகாஷிகி.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. செய்ஜுன் சிரிக்கவில்லை. திரும்பி ஹருமி முன்னால் போய்ப் புல்லில் மண்டியிட்டான்.

"சென்செய், நான் வாயத் தொறந்துட்டேன். விதி எனக்குத் தெரியும், நான் போயிடுறேன். ஆனா இவங்கள யாரும் சிரிக்க வேணாம். நான் காட்டினத அப்படியே செஞ்சாங்க. தப்பு ஒண்ணுகூட இவங்களோடது இல்ல. எனக்கு வேணாம், இவங்களுக்காக இன்னொரு தடவ செய்ய விடுங்க."

அறுபத்தொரு வயசுக்காரன் புல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டாலும் பென்சில் மேல் பழி போட்டவன் அவன்.

ஹருமி எங்களைப் பார்த்து, "இன்னொரு தடவ," என்றாள்.

செய்தோம். கழுத்தைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, பார்வையை நேரே நிறுத்திச் செய்தோம். தோகாஷிகி ஒரு இடத்தில் மறந்துபோய்த் தூக்கப் பார்க்க, அயானோ "ம்ஹும்" என்று முனகியதும் இறக்கிக்கொண்டார். கடைசிக் குத்தில் என் தோள் முழுசாக நீண்டது. அந்த இரண்டு மீனவர்களும் கைதட்டினார்கள். எலும்போடு கொஞ்சம் கறியும் போடலாம் என்று மனசு மாறினேன்.

ஹருமி எழுந்து நடுவில் வந்தாள்.

"ககாசு சான், அந்தக் கழுத்தப் பத்தி உங்ககிட்ட நான் எத்தனை வருசமா சொல்லிட்டிருக்கேன்? எங்க அப்பா எத்தனை வருசம் சொன்னாரு? எதிராளி கம்பியப் புடிக்கிற வரைக்கும் காத்திருப்பீங்களான்னு கேப்பாரு. 'சரிங்க'ன்னு சொல்லிட்டு மறுபடியும் மேல பாப்பீங்க. இந்த ரெண்டு மாசமா இருமி இருமி என் தொண்டையே போச்சு. மித்சு அத்தை கஷாயம் குடிச்சே வயிறும் போச்சு."

"எனக்குத் தெரியவே இல்லையே சென்செய். இவங்க செஞ்சதப் பாத்த பிறகுதான் தெரிஞ்சுது," என்றான் செய்ஜுன், நெற்றியில் புல் ஒட்டியிருக்க.

ஹருமி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உக்காந்த எடத்துலேர்ந்து மாணவங்களத் திருத்துறவரு இன்னும் வாத்தியார் ஆகலன்னு அப்பா சொல்லியிருக்காரு. அதனாலதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வச்சாரு. இவரு இன்னைக்கு யாரையும் திருத்தல. தன்னைத்தான் திருத்திக்கிட்டாரு. அதுக்கு விதியில ஒண்ணும் சொல்லல. யாருக்காவது மறுப்பு இருக்கா?"

யாருக்கும் இல்லை. மறுப்பு இருந்தவர்களையும் சியேகோ பார்த்த பார்வையில் இல்லாமல் செய்துவிட்டாள்.

"அப்படின்னா வியாழக்கிழமை உங்களது மாமா," என்றாள் ஹருமி. கூடத்து விஷயத்தில் அவள் அவனை மாமா என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி நில்லுங்க. அவங்களப் பாத்து நின்னு சொல்லிக்குடுங்க."

செய்ஜுன் மலங்க மலங்க விழித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டான். முதுகைக் காட்டி நின்றாலும் அவன் எங்களைப் பார்க்காமல் இல்லையாம். பெரியவர் படத்துக் கண்ணாடியில் நாங்கள் மூன்று பேரும் தெரிவோமாம். மோவாய் மேலே போவதே தெரியாமல் அதில்தான் எங்கள் கை காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம். "பழக்கமான மாதிரி இருந்துச்சு," என்றான் வெட்கத்தோடு. அவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் முதுகில் ஒன்று வைத்தேன். புதிதாகச் சரியான தோள் என்பதால் கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அப்புறம் யாரோ சான்ஷின் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்ட, கிழவர்களும் குழந்தைகளும் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி ஆட ஆரம்பித்தார்கள். சியேகோ பாயிலிருந்த சர்க்கரைக் கட்டியை எடுத்து, ஊதிவிட்டு, அவன் வாயிலேயே போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை நாங்கள் வரிசையில் நின்றோம். செய்ஜுன் வந்து, வழக்கமான இடத்தில் வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றான். கூடத்தின் மறு மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. மெதுவாக, நிற்கிறவர்கள் யாரும் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல், அவன் எங்களைப் பார்த்துத் திரும்பினான்.

திரும்பியதும் எல்லாம் குழம்பிப்போயிற்று. எதிரே நின்று காட்டும்போது அவனுக்கு வலது என்றால் எங்களுக்கு இடது. "இடது!" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு பக்கம் போக, நாங்கள் ஒரு பக்கம் போக, தோகாஷிகி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என்மேல் வந்து மோதினார். பதற்றத்தில் செய்ஜுன் வாயிலிருந்து, "பஸ் இடதுபுறம் திரும்புகிறது, பயணிகள் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்," என்று மைக்குக் குரலில் வந்துவிட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே வலைக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மித்சு, நீ குத்துறப்போ நாக்க வெளிய நீட்டுறடி," என்றான் செய்ஜுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எவ்வளவு நாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? இப்பத்தானே பாக்குறேன்."

அப்புறம் அவன் அயானோவிடம் போனான். முழங்கையைச் சரிசெய்யக் கையை நீட்டியவன் பாதியில் நின்றுவிட்டான். அவள் முகத்தையே பார்த்தான்.

"என்ன மாமா?" என்றாள்.

"ஒன் மச்சம்," என்றான். "பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து நீ என் பஸ்லதான் வர்ற. எப்பவும் அந்தப் பக்கம்ல இருந்துச்சு."

"இல்லையே, பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கு."

அவன் தன் உதட்டின் ஒரு ஓரத்தைத் தொட்டான், அப்புறம் மறு ஓரத்தைத் தொட்டான். அவனுக்குப் புரிந்தது எங்களுக்கும் புரிந்தது. கண்ணாடியில் இடம் மாறித் தெரிந்த மச்சத்தைத்தான் இத்தனை வருடமாக அவன் பார்த்திருக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. அயானோ மட்டும், அவளுக்கு எப்போதும் முன்னால் வந்துவிடுகிற அந்தச் சிரிப்போடு, முகத்தை வெளிச்சத்துப் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினாள்.

செய்ஜுன் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தான். தோகாஷிகியை, என்னை, மறுபடியும் அயானோவை. மோவாய் தூக்கவில்லை. கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்ததற்கு அப்புறம் அந்த முகத்தை நானும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சரி, ஆரம்பிக்கலாம்," என்றான். "எல்லாரும் முட்டிய லேசா மடக்குங்க."